‘தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லாது’ என்று பள்ளியில் சொன்னால்?

2025 மே 21, காலை. கேள்வி

பையனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். போன வருஷம் பொள்ளாச்சியில் ஒன்றாம் வகுப்பு முடித்தான். வீட்டுக்காரருக்கு வேலை மாறியதால் கேரள எல்லையில் மீனாட்சிபுரம் பக்கம் குடிவந்துவிட்டோம். இங்கே அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் இருக்கிறதே என்று கேட்கப் போனால் மூன்று காரணம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரில் எடுத்த ஊனச் சான்றிதழ் கேரளத்தில் செல்லாதாம். டி.சி. வந்தால்தான் பேச முடியுமாம். இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டீச்சர் இல்லையாம், பட்ஸ் என்கிற சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். இதெல்லாம் உண்மையா? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மே 21, இரவு. பதில்

மூன்றுமே தவறு, தங்கச்சி.

சான்றிதழ்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதில் 58ஆம் பிரிவு, சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்று ஒரே வரியில் சொல்கிறது. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் பையனுடைய ஆட்டிசம் மாறிவிடாது, சான்றிதழும் அப்படித்தான். யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டி.சி.: கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 5. மாநிலம் விட்டு மாநிலம் மாறினாலும் பழைய பள்ளி உடனே டி.சி. தர வேண்டும். டி.சி. தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது.

டீச்சர் இல்லை என்பது: 2016 சட்டத்தின் பிரிவு 16. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாவற்றுக்கும் பொருந்தும். எய்டட் பள்ளியும் அதில் வந்துவிடும். பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் அந்தப் பிள்ளைக்கு வேண்டிய ஏற்பாட்டையும் செய்ய வேண்டும். டீச்சர் இல்லை என்றால் அது பள்ளி மேலே எழுதிக் கேட்க வேண்டிய விஷயம். பிள்ளையை வாசலில் நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது.

14 வயது வரை இலவசம்.

மே 22

நேற்று அவசரத்தில் 14 என்று எழுதிவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள். 14 என்பது கல்வி உரிமைச் சட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான வரம்பு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. இந்த 18 புதிதும் இல்லை, 1995ஆம் வருஷத்துப் பழைய சட்டத்திலேயே இருந்தது. என் மகளுக்கு இப்போது 13. எனக்கு அந்த நான்கு வருஷம் சின்ன விஷயம் இல்லை, அதனால்தான் காலையில் எழுந்ததும் இதைத் திருத்த உட்கார்ந்தேன்.

அதே 31ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: அக்கம்பக்கத்துப் பள்ளி, அல்லது *அவர்கள் விரும்பும்* சிறப்புப் பள்ளி. விரும்புவது பிள்ளையும் வீட்டாரும். பட்ஸ் பள்ளியை நான் குறை சொல்லவே மாட்டேன். பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழு அமைப்பும் சேர்ந்து நடத்தும் அந்தப் பள்ளிகள் 2004இல் தொடங்கின. வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்த எத்தனையோ பிள்ளைகள் அங்கே வெளிச்சம் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அங்கே போய் வருகிறான். பஸ் ஹார்ன் கேட்டதும் அவன் எழுந்து ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் விரும்பிப் போனால் அது நல்ல இடம். பக்கத்துப் பள்ளி தள்ளிவிட்டதால் போவதாக இருக்கக் கூடாது.

மே 24

நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

வாயால் பேசாதீர்கள். ஒரு தாளில் பையன் பெயர், வயது, பழைய பள்ளி, எந்த வகுப்பில் சேர்க்கக் கேட்கிறீர்கள் என்று எழுதி எச்.எம்.மிடம் கொடுங்கள். தமிழில் எழுதினாலே போதும். நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், “சரி டீச்சர், அதையே எழுதிக் கொடுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்களுக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம்தான் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள்.

பி.ஆர்.சி.யில் (வட்டார வள மையம்) சிறப்பாசிரியர் இருப்பார், அவரையும் பார்த்துவிடுங்கள். ‘ஆட்டிசம்’ என்று சொன்னாலே போதும். ‘பின்னசேஷி’ என்பார்கள். நம்மூரில் மாற்றுத்திறனாளி என்பதற்கு இங்கே அந்தச் சொல்தான்.

பையனுக்கு ரொம்பச் சிரமம் என்றால் வீட்டுக் கல்வி என்று ஒரு ஏற்பாடும் உண்டு, டீச்சர் வீட்டுக்கே வருவார். அதையும் யோசித்துப் பாருங்கள்.

ஜூன் 3

பள்ளி திறந்த அன்று பையனைச் சேர்த்துவிட்டார்கள் என்று படித்ததும் எழுந்து போய் என் மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பேச்சு கொஞ்சம்தான் வரும். கையைத் தட்டினாள்.

ஆனால் ‘தினம் இரண்டு மணி நேரம்தான், அம்மா வராந்தாவில் உட்கார வேண்டும்’ என்று நிபந்தனை போட்டிருக்கிறார்களே. முதல் வாரம் பையன் பழகும்வரை என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க என்றால் வேண்டாம். தாய் வெளியில் காவல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தனிப்பட்ட உதவி தரும் பொறுப்பு பள்ளிக்கு என்றுதான் பிரிவு 16 சொல்கிறது. நான் ஒரு வருஷம் உட்கார்ந்தேன். தையல் மிஷின் வீட்டில் தூசி படிந்தது. அதைவிட, நான் கண்ணில் படும் தூரத்தில் இருந்ததால் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். தண்ணீர் வேண்டுமா, அம்மாவைக் கூப்பிடு. பென்சில் விழுந்ததா, அம்மாவைக் கூப்பிடு. அந்த டீச்சர் நல்லவர். ஆனால் நான் இருந்த வரைக்கும் அவரும் என் மகளும் ஒருவரையொருவர் பழகவே இல்லை. நான் எழுந்து வந்த மூன்றாவது வாரம் மகளுக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

சிறப்பாசிரியர் ஒருவரே பல பள்ளிக்கு ஓடுகிறார் என்பது உண்மைதான். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்கு அளவே சொல்லியிருக்கிறது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று இந்த வருஷம் மார்ச்சில் மறுபடியும் சொன்னது. பி.டி.ஏ. கூட்டத்தில் இந்த எண்களைச் சொல்லுங்கள். டீச்சர்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள். அவர்களுக்கும் ஆள் வேண்டும்.

ஜூன் 9

மே 24 அன்று கடைசியில் நான் எழுதிய அந்த இரண்டு வரி மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. ‘வீட்டுக் கல்வியையும் யோசித்துப் பாருங்கள்’ என்று அவ்வளவு சுலபமாக எழுதியிருக்கக் கூடாது.

என் மகளுக்கு சி.பி. (மூளை முடக்குவாதம்), 80 சதவீதம். 2018இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே ‘வீட்டுக் கல்வி போட்டுக்கலாம், குழந்தைக்கும் கஷ்டமில்லை, உங்களுக்கும் அலைச்சல் இல்லை’ என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நன்றியில். வாரம் ஒரு நாள் டீச்சர் வருவார். நல்ல டீச்சர். மணி கோர்க்க வைப்பார், படம் காட்டுவார், ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். மீதி ஆறு நாளும் மகளும் நானும் தையல் மிஷினும்தான்.

இரண்டாம் வகுப்பில் சங்ஙாதிக்கூட்டம் என்று அவள் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். படுத்த படுக்கையான, வெளியே வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கு வகுப்புத் தோழர்களைக் கூட்டிவரும் ஏற்பாடு. பலூன் கட்டினார்கள், பாயசம் கொடுத்தோம், பாட்டுப் பாடினார்கள். போகும்போது ஒரு பொடியன் ரொம்பச் சந்தோஷமாக என்னிடம் சொன்னான்: “அத்தை, தினமும் டீச்சர் இவ பேரைக் கூப்பிடுவாங்க. நாங்க எல்லாரும் சேர்ந்து ‘வீட்டுல டீச்சர்!’னு கத்துவோம்.”

அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயர் கூப்பிடுகிறார்கள், முப்பது பிள்ளைகளுக்கு அவள் பெயர் தெரியும், அவளுக்கு அந்தக் கூப்பாடு தெரியாது.

அப்புறமும் நான் உடனே எதுவும் செய்யவில்லை. கொரோனா வந்தது. 2020 ஜூனில் கேரள அரசின் விக்டேர்ஸ் கல்விச் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பாட நிகழ்ச்சி தொடங்கி, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். ஆறு மாதத்தில் தெருவில் எல்லாத் தாய்மாரும் புலம்ப ஆரம்பித்தார்கள். பிள்ளை யாரோடும் சேருவதில்லை, பேச்சு குறைந்துவிட்டது, இது என்ன படிப்பு என்று. கேட்கக் கேட்கத்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஆறு மாதத்தில் கண்டுபிடித்ததை என் மகள் இரண்டு வருஷமாக அனுபவித்துக்கொண்டிருந்தாள், சொல்லத்தான் அவளுக்கு வார்த்தை இல்லை. 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது நாலாம் வகுப்பு வாசலில் அவளோடு போய் நின்றேன்.

சட்டத்தை அப்புறம்தான் படித்தேன். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த வரி அது. பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளையும் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளையும் வீட்டுக் கல்வியைத் *தேர்ந்தெடுக்கலாம்*. தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு. பள்ளி அதை எடுத்து நீட்டித் தன் வேலையை முடித்துக்கொள்ள அது எழுதப்படவில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளை, தொற்று வந்தால் தாங்காத பிள்ளை, இவர்களுக்கு அது உயிர்நாடி. நடக்கவும் ஓடவும் முடிகிற உங்கள் பையனுக்கு வேண்டாம். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 10

வீட்டுக்கு வந்த டீச்சர் மேல் கோபமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் விசேஷத்துக்கு வருவார்.

ஜூன் 22

வீல்சேர் ஏறுவதற்கான சாய்தளம் பற்றிக் கேட்டவருக்கு. அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வராந்தா ஓர் அடி உயரம் என்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் யு.பி. (நடுநிலை) பள்ளியில் வராந்தா இரண்டு அடி. அப்படியானால் 24 அடி. முதலில் கட்டிக் கொடுத்தது ஒன்பது அடி. திறப்பு விழா எல்லாம் நடந்தது. வீல்சேரை நானும் டீச்சரும் சேர்ந்து தள்ளியும் ஏறவில்லை, இறங்கும்போது மகள் முன்னால் சரிந்தாள். ஊர் ஆடுகளுக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துப்போய், சாயங்காலமானால் வரிசையாக ஏறிப் படுத்துக்கொள்ளும்.

என் அண்ணன் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை டியூப் லெவல் கொண்டுவந்து உயரம் பார்த்து, தாளில் படம் போட்டுக் கொடுத்தார். நேராக 24 அடிக்கு முற்றத்தில் இடமில்லை. சுவரை ஒட்டிப் பாதி ஏறி, நடுவில் திரும்ப ஒரு சமதளம் விட்டு, மறுபடி பாதி. அந்தப் படத்தை மனுவோடு சேர்த்துக் கொடுத்தபோது பஞ்சாயத்தில் மறுக்க முடியவில்லை, அடுத்த வருஷத் திட்டத்தில் சேர்த்தார்கள். ‘சாய்தளம் வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அளவையும் எழுதுங்கள்.

ஜூலை 13

மொழி. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம், ஐந்தாம் வகுப்பில் இந்தி என்று சுமை ஏறிக்கொண்டே போகிறது. 2016 சட்டம் பிரிவு 17இல் தேர்வுக்கான சலுகைகளைச் சொல்லும்போது கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இவற்றோடு இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கும் சேர்த்திருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

ஜூலை 14

ஒரு ராத்திரி யோசித்ததில் இன்னொன்று தோன்றியது. விலக்கு வாங்கினால் அந்தப் பீரியடில் பிள்ளை எங்கே இருக்கும்? எங்களுக்கு முதல் வருஷம் இந்திப் பீரியடில் மகளைத் தனியாக ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்தார்கள். பரீட்சைக்கு மட்டும் விலக்கு, வகுப்பில் எல்லோரோடும் இருக்கட்டும் என்று கேட்டு மாற்றினோம். மலையாளத்துக்கு நாங்கள் விலக்கே கேட்கவில்லை. தோழிகள் பேசுவது பாதி மலையாளம். அவள் சொல்லும் இருபது முப்பது வார்த்தைகளில் ‘வா’ இரண்டு மொழிக்கும் பொது. ‘மதி’ மலையாளம், ‘போதும்’ என்று அர்த்தம். பாயசத்துக்கு மட்டும் ‘மதி’ சொல்வதே இல்லை.

ஆகஸ்ட் 17

“என் மகளுக்கு 40 சதவீதம் வரவில்லை, எழுத்துக் குழப்பம் மட்டும்தான். அப்படியானால் ஒன்றும் கிடையாதா?” என்று கேட்டவருக்கு.

நான் மே 22 அன்று எழுதியதைப் படித்துத்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது, அதனால் தெளிவாக்க வேண்டும். 18 வயது வரை இலவசம் என்ற 31ஆம் பிரிவுக்குத்தான் 40 சதவீதக் கணக்கு. பள்ளியின் கடமைகளைச் சொல்லும் 16இலும், 17இல் வரும் தேர்வுச் சலுகைகளிலும் அந்த வரம்பு இல்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் அவருக்கு. யு.பி.எஸ்.சி. தேர்வில் எழுத ஆள் கேட்டார், 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். நியாயமான ஏற்பாடு கேட்க 40 சதவீதம் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் பள்ளியின் வேலை என்று பிரிவு 16இலேயே இருக்கிறது.

சட்டத்தின் பட்டியலில் 21 நிலைகள் உண்டு. பார்த்தால் தெரியாதவையும் அதில் அடக்கம். நம் பாலக்காட்டு அட்டப்பாடியில் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன.  வெளியில் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. குளிரோ உடம்பில் தண்ணீர்க் குறைவோ பட்டால் எலும்பில் வலி பிடித்து நாள் கணக்கில் படுக்க வைக்கும். வகுப்பில் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்க விடுவது, பாத்ரூம் போக விடுவது, வராத நாட்களின் பாடத்தைத் திரும்ப நடத்துவது, இவ்வளவுதான் அதற்கான ஏற்பாடு. செலவே இல்லை. ‘அடிக்கடி லீவு போடுகிறான்’ என்ற ஒரு பார்வையில் பிள்ளை படிப்பை விட்டுப் போவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

செப்டம்பர் 14

ஓணம் முடிந்து பள்ளி திறந்தாயிற்று. பணம் பற்றிச் சுருக்கமாக.

சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் குறைபாடுள்ள பெண் பிள்ளைகளுக்கு 1 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு, வங்கிக் கணக்கில் வரும். போக்குவரத்துப்படி, துணைக்கு வருபவர் படி தனி. பி.ஆர்.சி.யில் விண்ணப்பம். கணக்கில் ஆதார் இணைப்பு சரியா என்று அக்ஷயா சேவை மையத்தில் பார்த்துவிடுங்கள், எங்களுக்கு ஒரு வருஷம் அதனால்தான் நின்றுபோனது.

பிரிவு 16இல் கடைசி அம்சம் வண்டி. பிள்ளைக்கும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையோடு வருபவருக்கும் போக்குவரத்து வசதி தர வேண்டும் என்கிறது. எங்கள் ஆட்டோக்காரர் வாடகையைக் குறைத்துத்தான் வாங்குகிறார், வீல்சேரை மடக்கிக் கயிறு கட்டும் வித்தையை மற்ற ஆட்டோக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் நல்ல மனசை நம்பித்தான் எட்டாம் வகுப்பு ஓடுகிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மகளுக்கு லீவு. மாதத்தில் எத்தனை நாள் இப்படிப் போனது என்று டைரியில் குறித்துவைக்கிறேன், மனுவில் எழுத.

அக்டோபர் 19

எல்லாம் செய்தும் நடக்காவிட்டால் எங்கே போவது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி உள்ளாட்சியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், திரும்ப மீறினால் 50,000இலிருந்து 5 லட்சம் வரை.

எனக்கு அந்தப் படி ஏற வேண்டி வரவில்லை. ஒரு தடவை ஆணையருக்கு எழுதிய கடிதத்தின் நகலை எச்.எம்.மிடம் காட்டினேன், அனுப்புவதற்கு முன்னால். வேலை நடந்தது. அப்படி மிரட்டியது சரியா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நாளைக்கும் மகளை அதே டீச்சர்களிடம்தான் விட்டுவிட்டு வரவேண்டும், சண்டை போட்ட முகத்தோடு தினமும் காலையில் ‘நமஸ்காரம் டீச்சர்’ சொல்ல வேண்டும். இந்தப் பயத்தில்தான் பாதித் தாய்மார் வாயைத் திறப்பதில்லை. அதனால் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர். ஐந்து தாய்மாரும் ஒரே மனுவில் போட்டால் யார் பிள்ளைமேலும் தனியாகக் கோபம் விழாது.

நவம்பர் 11

மீனாட்சிபுரம் தங்கச்சி, பையன் இப்போது முழு நாளும் இருக்கிறான், மணி அடித்தால் மட்டும் காதைப் பொத்துகிறான் என்று எழுதியிருந்தீர்கள். மணி அடிக்கும் வேலையை அவனிடமே கொடுக்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். எப்போது சத்தம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சில பிள்ளைகளுக்குப் பயம் குறைகிறது. எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஹைஸ்கூலில் கழிவறைக் கதவு இன்னும் உள்பக்கமாகத்தான் திறக்கிறது. வீல்சேர் உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. மகளுக்கு 13 வயது, அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமலே பள்ளிக்குப் போகிறாள். கீலை மாற்றிப் போட்டால் தீர்ந்துவிடும், அண்ணன் அரை நாளில் செய்கிறேன் என்கிறார், அனுமதிதான் வரவில்லை. திங்கட்கிழமை மூன்றாவது மனு. இந்தத் தடவை ஐந்து கையெழுத்து.